நான்தானுங்க சாமி

"பின் வீதிக்காரனுகளைத் தவிர வேற எவன்டா செய்வான்?"

கிறிஸ்டோ கத்தியதில் கோயில் வாசலே அதிர்ந்தது. ஞாயிறு முதல் பூசைக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. வாசலோரத்தில் குகை மாதிரி கட்டியிருந்த கெபியில் மாதா சொரூபம் குப்புறக் கிடந்தது. இரண்டு கைகளும் முறிந்திருந்தன.

கோயமுத்தூரின் பழைய பகுதி அது. பின் வீதி முழுக்க முஸ்லிம் வீடுகள், கடைகள். மைக் சத்தத்துக்காகப் போன வாரம்தான் இரண்டு தரப்புக்கும் வாய்த்தகராறு.

படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் பறந்திருந்தது. பக்கத்துக் கோயில் பங்குகளிலிருந்தும் பைக்குகள் வந்து நின்றன. ஐம்பது பேர். பாதிப்பேர் கையில் உருட்டுக்கட்டை.

"பொறுங்கப்பா, பூசை முடியட்டும். யாருன்னு விசாரிச்சுக்கலாம்." பங்குச்சாமியார் குறுக்கே நின்று கெஞ்சினார்.

"மாதா கையை ஒடிச்சிருக்கானுக, பொறுக்கச் சொல்றீங்களா சாமி? வாங்கடா, ரசாக் பேக்கரியில ஆரம்பிப்போம்!"

அவரை ஒதுக்கிவிட்டு கிறிஸ்டோ நடந்தான். கூட்டம் பின்னாலேயே நகர்ந்தது. சாமியாரும் கெஞ்சிக்கொண்டே கூட ஓடினார்.

பின் வீதி முனையில் மதரசா விட்டுக் குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். கட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நில்லுங்க!"

ஜெஃபின். கோயிலில் பாடற்குழுவை நடத்துகிறவன். பிழைப்புக்குச் சொந்தமாய்க் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். முன்னால் ஓடிவந்து கைகளை விரித்து வழியை மறித்தான்.

"நான்தானுங்க சாமி இடிச்சேன். விடிகாலையில லோடோட கோயில் வாசல்ல வண்டியைத் திருப்பறப்ப, பின்னாடி நீட்டியிருந்த பைப்பு இடிச்சுப்போட்டுது. சொல்லப் பயந்துட்டேனுங்க."



பங்குப்பேரவைத் தலைவர் பாக்கியசாமி முன்னே வந்து பளாரென்று அறைந்தார்.

"இத்தனை பேரு கொதிக்கறதைப் பார்த்துக்கிட்டே நின்னியேடா! இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா என்னாகியிருக்கும்?"

"தப்புத்தானுங்க."

"இனிமேல் பாடற்குழுப் பக்கம் வந்துராதே. பீடத்துக்கிட்ட நின்னு பாடற யோக்கியதை உனக்கில்லை."

ஜெஃபின் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அந்தப் பாட்டுத்தான் உயிர்.

கிறிஸ்டோ காறித் துப்பினான். கட்டையை வீசிப்போட்டு பைக்கை உதைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். குழந்தைகள் சுவரோரமாக வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

மிச்சம் நின்றவர்கள் கண்ணெல்லாம் பின்னாலேயே வந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பியது. அங்கே ஜெஃபினின் மனைவி ரெபேக்கா நின்றிருந்தாள்.

"நல்ல புருசனைக் கட்டியிருக்கா" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

ரெபேக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். வழி நெடுக அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைத் தாழிட்டாள். வீங்கியிருந்த அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க... நம்ம வண்டி மூணு நாளா ஈரோட்டு ஒர்க்‌ஷாப்புலதானுங்களே நிக்குது?"