தோணி கிடக்கும் வளவு

நீதிமன்ற வளவில், வாகை நிழலில், மீராலெப்பையின் தோணி கவிழ்ந்து கிடக்கிறது. உரிமை வழக்கில் அது இங்கே வந்து ஆறு வருடம். வழக்குக் கூப்பிடும் தவணைக்குத் தவணை, பலகை உக்காமலிருக்கப் பூச அவர் கிண்ணியாவிலிருந்து சுறா எண்ணெய் கொண்டுவருவார். வழக்குப் பொருளில் பூசக்கூடாதென்று திருப்பி அனுப்புவார்கள். இன்று நீதிக்கு என்ன அவசரமோ, பழைய வழக்குகளை உடனே முடிக்க உத்தரவாம். ஐந்தே நிமிடத்தில் தோணி அவருடையதென்று தீர்ப்பாகிவிட்டது. துறைமுகத்தில் கப்பலொன்று ஊதுகிறது. மீராலெப்பை போத்தலைத் திறந்து, வலது உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, பலகையில் மெல்லத் தேய்க்கிறார். பலகை மாவாக உதிர்கிறது. கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விடுகிறது. “மீராலெப்பை நானா, இதில ஒரு ஒப்பம் வையுங்கோ,” என்று கிளாக்கர் தாளை நீட்டுகிறார். “என்ன எழுதியிருக்கு ஐயா?” “தோணியை நல்ல நிலையில பெற்றுக்கொண்டன் எண்டு.” மீராலெப்பை கையை இன்னும் வெளியே எடுக்கவில்லை.