பாடற்குழுவில் ஓர் இடம்

நல்லம்பள்ளிக்கு அருகே இரண்டு ஊர்க் கோவில்களையும் ஒரே சாமியாரின் கீழ் ஒரே பங்காக இணைத்த பிறகு, முதல் கூட்டுப் பூசைக்குப் பாட்டு ஒத்திகை நடந்தது. அந்தோணியார் கோவிலில் இருபது வருடம் பாடிய சலேத்மேரி வாயைத் திறக்கவே இல்லை. குழுவை நடத்திப் பாடிய மாதா கோவில் ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பாட்டுல ஏதாச்சும் குறைங்களா?" என்று கேட்டார் புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார்.

"குறையில்லீங்க சாமி. நல்லாத்தான் பாடறாங்க." சொல்லும்போதே குரல் கசந்தது.

ஜெசிந்தாவின் பக்கத்தில் நின்ற ஜெனிட்டா, பாட்டுப் புத்தகத்தை அவளுக்காக விரித்துப் பிடித்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "தொண்டை கட்டிக்கும், மெதுவாப் பாடுங்கம்மா" என்றாள்.

சலேத்மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாமியார் யோசித்தார். "சரி, இனிமே பாடற்குழுவுக்குச் சலேத்மேரியம்மாவே தலைமை."

ஜெசிந்தா மறுப்பில்லாமல் தலையசைத்தாள். சலேத்மேரியின் முகம் அப்போதும் தெளியவில்லை.

"இன்னும் என்னங்க வேணும்?" என்றார் சாமியார்.

"தலைமைய அவங்களே வெச்சுக்கட்டுங்க சாமி. அந்தப் பொண்ணு மட்டும் என் பக்கத்துல நின்னு பாடட்டும்."

"ஜெனிட்டாவா? அது அவங்க மகளாச்சே."

"மருமகளுங்க" என்றாள் சலேத்மேரி. "என் மகதான். அவங்க வூட்டுக்குக் கட்டிக் குடுத்து நாலு வருசமாச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே கோவில்ல நிக்கறோம்."

ஜெசிந்தா ஜெனிட்டாவின் மறுபக்கம் நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"இங்க வந்து நில்லுங்க சம்பந்தி."