ஒரு எழுத்து குறைகிறது

விழாக் குழுச் செயலாளர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு எழுத்தாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெரியவரிடம் அழைப்பிதழின் மாதிரியை நீட்டினார்.

“எழுத்தாளர் ஐயாவுக்கு எங்க சங்கம் விருது கொடுக்குது, சார். அச்சுக்குப் போறதுக்கு முன்னால வீட்டுல ஒருத்தர் பார்த்துட்டா நல்லது.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“இந்த ‘போஸ்துமஸ் அவார்ட்’ங்கிற இங்கிலீஷுல ஒரு எழுத்து விட்டுப்போச்சே. ‘டி’க்கு அப்புறம் ‘ஹெச்’ வரணும்.”

“சொல்லும்போது அது காதுல விழலையே, சார்?”

“லத்தீன் மூலத்துலயும் கிடையாதுதான். அங்கே அதுக்கு ‘கடைசி’ன்னு அர்த்தம். மண்ணைக் குறிக்கிற ‘ஹூமுஸ்’ங்கிற இன்னொரு சொல்லோட யாரோ முடிச்சுப் போட்டு, நடுவுல ‘ஹெச்’சைச் செருகிட்டாங்க. இப்ப ‘இறந்த பிறகு’ன்னு அர்த்தம்.”

பேனாவை எடுத்து, விட்டுப்போன எழுத்தை நிதானமாகச் சேர்த்துக் கொடுத்தார்.

செயலாளர் அசந்துபோனார். “எல்லாத்தையும் விரல்நுனியில வெச்சிருக்கீங்களே! மேடையில விருதையும் நீங்களே வாங்கிக்கணும். நீங்க அவருக்குத் தம்பியா, சார்?”

“தம்பி இல்லப்பா. அவரேதான்.”

செயலாளர் அழைப்பிதழை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க! ரொம்ப வருஷமா உங்க எழுத்து எந்தப் பத்திரிகையிலயும் வரல. அதனால நாங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டோம். அந்த வார்த்தையையே எடுத்துடறேன். விருது உங்களுக்குத்தான்.”

பெரியவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“எழுதுங்க, எழுதுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?”