தட்டைக் காயில்

விளாங்குடியில் உள்ள எல்.இ.டி. விளக்கு கம்பெனி. இன்ஜினீயர் முத்துக்குமரன் முதலாளி துளசிராமின் மேஜைமேல் சின்னதும் பெரியதுமாக, செம்புக் கம்பி சுற்றிய இரண்டு இண்டக்டர் காயில்களை வைத்தான்.

“புது போர்டுக்கு எதைப் போடலாம் சார்?”

“சின்னது சூடாயிரும்ப்பா.”

“பெருசைப் போட்டா அட்டையை மூட முடியாது சார்.”

“அட்டையா? எதுல வைக்கப் போற?”

“திறந்தா விளக்கு எரியுற கல்யாணப் பத்திரிகை சார்.”

“பலே! யாருக்குக் கல்யாணம்?”

வேலை போனாலும் போகட்டும் என்று முத்துக்குமரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“எனக்கும் உங்க மக வசுந்தராவுக்கும் சார்.”

டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். மேஜைமேல் ஒரு ரீல் நிறையத் தட்டைக் காயில்கள்.

“உயரமும் கம்மி, சூடும் ஆகாது. போன வாரமே வசுந்தரா விஷயத்தைச் சொல்லி இதை வாங்க வச்சுட்டா. நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன், மாப்பிள்ளை!”