தண்டட்டியைக் கழற்றச் சொன்ன நாள்

“தண்டட்டியைக் கழட்டுங்க ஆத்தா” என்றேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. கட்டிலில் மல்லாந்து கிடந்த பேச்சாயி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.

“எதுக்குலே மலைச்சாமி? நான் செத்தாத்தான் இதைக் கழட்டுவாக.”

நான் திருடனில்லை. திண்டுக்கல்லில் டாக்டர் ராயப்பராஜ் நடத்திய மின்காந்த சிகிச்சை அறைக்குக் கம்பவுண்டர். எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவன். வெள்ளைக் கோட்டு மாட்டியதும் கண்ணாடியில் பாதி டாக்டராகத் தெரிந்தேன்.

பேச்சாயி இன்னமும் அங்கேதான் சுமக்கிறாள். அறுபது வயதில் இடுப்பெலும்பு உளுத்துவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டினால்தான் மேஸ்திரி வெளியே விடுவார். செவ்வாயும் வெள்ளியும் சீட்டோடு வந்துவிடுவாள்.

மெஷின் என்றால் ஒரு பெட்டி, சிவப்பு விளக்கு, இடுப்பில் கட்ட ஒரு பட்டை. பட்டைக்குள் இருந்த கம்பிச்சுருள் முதல் வாரமே கருகிவிட்டது. பேச்சாயி வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

“சுருள் ரிப்பேராகி மெட்ராஸ்ல இருந்து வர்ற வரைக்கும் வெறும் பட்டையைக் கட்டி வெளக்கைப் போடு” என்றார் டாக்டர். “இப்பத்தான்யா இந்த வைத்தியத்துல ஒரு ஆபத்தும் இல்லை.”

இரண்டு மாதம் விளக்கைப் போட்டேன். அரை மணி முடிந்ததும் பேச்சாயி கண்ணைத் திறக்காமலே, “இன்னுஞ் செத்த நேரம் ஓட்டேன் அப்பு” என்பாள். இல்லாத கரண்டை இப்படி நம்புகிறாளே என்று இன்னும் கால் மணி விளக்கை எரியவிடுவேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். மறுபடி தலையில் ஈரத்தோல் ஏறும். பாதி டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

இன்று காலை சுருள் வந்துவிட்டது. உடம்பில் குந்துமணி நகை இருந்தாலும் சுட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

“வயசான பொம்பளைகளுக்கு வேற ஒண்ணும் ஆயிராதே சார்?”

“ஆகும்னு புஸ்தகத்துல போடலை.”

“ஆகாதுன்னு போட்டிருக்கா சார்?”

“அதுவும் போடலை. நீ போய்க் கட்டு.”

பேச்சாயி காதிலிருந்து கையை எடுக்கவில்லை. “இம்புட்டு நாளா கழட்டச் சொல்லலையேலே?”

தோலே சுமந்துவிட்டுப் போகிறேன், இந்தக் கிழவியைச் சுட்டுவிடக் கூடாது என்று கட்டில் காலடியில் உட்கார்ந்தேன்.

“ஆத்தா, ஒங்களை ஏமாத்திட்டேன். ரெண்டு மாசமா வெளக்கு மட்டுந்தான் எரிஞ்சுச்சு. இன்னைக்குத்தான் நெசமாவே கரண்டு வரப்போகுது. ஒங்க எலும்பு தாங்குமான்னு எனக்கும் தெரியலை, டாக்டருக்கும் தெரியலை.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். பேச்சாயி சீலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

“வெறும் பட்டைன்னு மொத நாளே தெரியும்லே. கூடச் சொமக்குற பழனியம்மா மொத வாரமே இங்க வந்தாள்ல, அவளுக்கு இடுப்பு சுட்டுச்சாம். எனக்குப் பச்சத்தண்ணியாட்டம் இருந்துச்சு.”

“பெறகு எதுக்கு ஆத்தா வாரம் ரெண்டு வாட்டி வந்தீக?”

அவள் ஒருக்களித்துக் கண்ணை மூடினாள்.

“வெளக்கை மட்டும் போடு. கரண்டு வேணாம்லே, தூக்கம் கெட்டுரும்.”