ஒரு நொடி கூட்டி

மூலையில் கிடந்த ஸ்பைக்ஸ் ஷூ, ஆணியில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கேட்டது.

"அமலி ஏன் என்னைக் கழற்றி வீசிட்டுப் போயிட்டா? நல்லாத்தானே ஓடினோம்?"

"நல்லாத்தான் ஓடினீங்க. ஆனா கோச் மாஸ்டர் எப்பவுமே அவகிட்ட ஓடின நேரத்தை ஒரு நொடி கூட்டித்தான் சொல்வார். திருப்தி வந்துட்டா கால் சோர்ந்துடுமாம்."

"நேத்துமா?"

"நேத்து அவ மாநில ரெக்கார்டையே தாண்டிட்டா. மாஸ்டருக்குக் கண் கலங்கிடுச்சு. என்னைக் கைக்குள்ள மூடிக்கிட்டு, 'இன்னும் பத்தலை'ன்னார். அவ, 'இதுக்கு மேல எனக்கு வராது சார்'னு சொல்லிட்டு உன்னைக் கழற்றினா."

கதவு திறந்தது. மாஸ்டர் ஸ்டாப்வாட்சை எடுத்தார். நேற்றைய நேரம் அழியாமல் நின்றிருந்தது.

அதை ஒரு நொடிகூடக் கூட்டாமல், முதல்முறையாக, அந்த வெறும் ஷூவிடம் வாய்விட்டுச் சொன்னார்.