சரிவில் நான்கு கம்பங்கள்

சிவப்பு ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வருகிறது. பனியின் வெளிச்சத்தில் ஊர்சினாவின் கண் கூசுகிறது. சரிவில், அவளுக்கும் தம்பி ஆந்திரிக்கும் பொதுவான வீட்டைச் சுற்றி நான்கு நெடிய கம்பங்கள் நிற்கின்றன. புதுக் கட்டடம் எவ்வளவு உயரம் வரும் என்று ஊருக்குக் காட்ட நடுபவை அவை. "கூரை மாத்தணும்னுதானேடா கையெழுத்து வாங்கினே?" "இறங்கிப் பேசலாம்க்கா. டீ ஆறுது." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆந்திரி பிளாஸ்க் மூடியை நீட்டியபடியே இருக்கிறான், ஆவி ஜன்னலில் படிகிறது. எதிர் இருக்கையில் பக்கத்து வீட்டு லூர்க் சிரிக்கிறார். "அஞ்சு மாடியாமே. இனிமே எங்க வீட்டுல வெயில் எட்டிப் பாக்காது." "எப்ப நட்டாங்க?" என்று அவரிடம் கேட்கிறாள். "கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம். உன்கிட்ட சொல்லலையா?" கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டில் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, பனி உருகியதும் கூரைக்கு ஆட்கள் வருவார்கள் என்று சொன்னவன், இப்போது ஜன்னல் பக்கம் பார்க்கிறான்.